பதில் ஆள்

உச்சிப்பொழுது. மணி பன்னிரண்டை நெருங்குகிறது. ராமநாதபுரம் போகிற பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து கருவேலங்காட்டுக்குள் இறங்குகிற மண்பாதை. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. ஆடு மேய்க்கிறவன்கூடக் கிடையாது...

சிரிக்காதீர்கள். பேய்க்கதை என்றால் ராத்திரி பன்னிரண்டில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? பகல் பன்னிரண்டுக்கு என்ன குறைச்சல்? நம் பக்கத்தில் உச்சி வேளையில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி கண்மாய்க்கரைப் பக்கம் போவாளா? மாட்டாள். அப்புறம் என்ன இளிப்பு? கரண்டு இப்போதைக்கு வராது. மொட்டைமாடியில் கொசு பிடுங்குகிறது. எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. கதை வேண்டுமென்றால் அந்தச் செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது அருள்பாண்டிக்கு நடந்தது. முன் தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறானே நம் முத்துக்குமரன், அவனுடைய சித்தப்பா மகன். பட்டாளத்துக்காரன். முத்துக்குமரன் இதை என்னிடம் சொன்னபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் சொன்னான்.

அருள்பாண்டி இருந்தது கேபிள் இழுக்கிற ஒரு சின்னக் குழு. எட்டுப் பேர். ராஜஸ்தான் மணலிலும் அஸ்ஸாம் மழையிலும் கிடந்தவர்களை, எந்தச் சாமி கண் திறந்ததோ, நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தற்காலிக முகாமில் கொண்டுவந்து போட்டார்கள். முகாம் வாசலில் நின்றால் செக்கானூரணி போகிற டவுன் பஸ் தெரியும். அந்த பஸ்ஸில் ஏறினால் அக்கா பாண்டீஸ்வரியின் ஊர். ஆனால் ஏற முடியாது. அஸ்ஸாமில் இருந்தபோதுகூட அவனுக்கு வீட்டு ஞாபகம் இப்படி வாட்டவில்லை. கண்ணுக்கு முன்னால் பஸ் போகிறது, நீ கம்பி வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிரு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அக்கா மகள் கனிஷ்காவுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். அக்கா புருஷன் சங்கிலியின் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு, மொட்டை, காது குத்து. ஐந்து வயதுப் பிள்ளை. அதற்கு முன் இரண்டு தடவை தேதி குறித்து, தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டவள் பாண்டீஸ்வரி. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதானே காது குத்த வேண்டும்? கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். இந்தத் தடவை பக்கத்திலேயே இருக்கிறான், என்ன ஆனாலும் வந்துவிடுவான் என்று பத்திரிகை அடித்துவிட்டாள்.

சரியாகக் காது குத்து வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேப்டன் சாப் பிடித்தார். பட்டாளத்தில் ஐயா என்பதற்குச் சாப் என்பார்கள். வடக்கத்திப் பையன். கெட்டவன் இல்லை. ஆனால் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, குழு ஒற்றுமை, குழு ஒற்றுமை என்று ஒரே பல்லவி. எல்லோருமாகக் கடற்கரைக்குப் போக வேண்டுமாம். ஓடிப் பிடித்து விளையாட வேண்டுமாம். போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டுமாம். அரியமான் கடற்கரை என்று முடிவாயிற்று. கடல் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்கூட அடித்துவிட்டார்கள்.

அருள்பாண்டி சுபேதார் காசிமாயனிடம் போய் நின்றான். காசிமாயன் தேனிப் பக்கத்து ஆள். காது குத்து என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரை நாள் விடுங்கள், மத்தியானம் வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று இவன் கெஞ்சியதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எட்டுப் பேருக்கு நாலு ஜோடிடா. நீ போயிட்டா ராஜகுரு ஒத்தையா நிப்பான். ஜோடி இல்லாம ஒருத்தனையும் நான் தண்ணிக்குள்ள எறக்க மாட்டேன். உனக்குப் பதில் ஆள் குடுத்துட்டு எங்கிட்டு வேணாலும் போ."

பதில் ஆள். பட்டாளத்தில் எதற்கும் இந்த ஒரு பேச்சுதான். காவலுக்கு நிற்க முடியவில்லையா, பதில் ஆள் கொடு. சமையல் முறைக்கு உடம்பு சரியில்லையா, பதில் ஆள் கொடு. அந்த இடத்தில் ஓர் ஆள் நின்றால் சரி. எந்த ஆள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அருள்பாண்டியும் எத்தனையோ ராத்திரி மற்றவனுக்குப் பதில் ஆளாக நின்றிருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு நிற்க நாதியில்லை.

ஜோடி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜோடி உண்டு. அவன் உயிருக்கு இவன் பொறுப்பு, இவன் உயிருக்கு அவன் பொறுப்பு. அருள்பாண்டிக்கு ஜோடி ராஜகுரு. மதுரை மகால் பக்கத்து சௌராஷ்ட்ரப் பையன், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றி வருவான். நீச்சல் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் லாரி கிளம்பியது. பட்டாளத்து லாரி நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கணக்கு. மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகாதது ஒன்றுதான் பாக்கி. திருப்புவனம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம்... ரேடியேட்டரிலிருந்து வெள்ளைப் புகை. நின்றுவிட்டது. மதுரையிலிருந்து மெக்கானிக் வர மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அருள்பாண்டிக்கு ஒரு நப்பாசை. திரும்பி வந்த வழியே பஸ் ஏறினால் நல்ல நேரத்துக்குள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இனி எங்கே கடல், எங்கே ஒற்றுமை? அவன் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் சாப் லாரி கூரை மேல் ஏறி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கருவேலங்காட்டுக்குப் பின்னால் தண்ணீர் பளபளத்தது. கண்மாய். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து எல்லாக் கண்மாயும் நிறைந்திருந்தது. சாப் சிரித்தார். கடல் இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அருள்பாண்டிக்கு. டிரைவரை லாரிக்குக் காவலாக விட்டுவிட்டு எல்லோரும் மண்பாதையில் இறங்கி நடந்தார்கள். இரண்டு கருவேல மரத்துக்கு நடுவில் கடல் படம் போட்ட பேனரைக் கட்டினார்கள். பேனரில் நீல அலை. அதற்குப் பின்னால் காவி நிறத் தண்ணீர். வெயிலில் அழுகிய கருவேல இலையும் பாசியும் சேறும் சேர்ந்த ஒரு வாடை. மதகுச் சுவரில் தண்ணீர் மோதுகிற சத்தம்... டப்... டப்... அது மட்டும்தான். அம்புட்டுப் பெரிய கண்மாயில் ஒரு கொக்கு இல்லை. காசிமாயன் அதைக் கவனித்தார்.

கயிறு இழுத்தார்கள். சாக்குக்குள் காலை விட்டுக் குதித்தார்கள். நாற்பது வயது ஆம்பளைகளை இப்படியா ஆட்டிவைப்பது? அப்புறம் நம்பிக்கை விளையாட்டு என்று ஒன்று. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், ஜோடிக்காரன் தாங்கிப் பிடிக்க வேண்டும். ராஜகுரு சாய்ந்தான். அருள்பாண்டியின் நினைப்பு கோயிலில் இருந்தது. பையன் தொப்பென்று விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, பரவாயில்லண்ணே என்று சிரித்தான். காசிமாயன் மட்டும் முறைத்தார்.

குளிக்க இறங்குமுன் அவர் ஒரு மூங்கில் கழியை எடுத்துத் தண்ணீரை ஆழம் பார்த்தார். கொஞ்ச தூரம் வரை இடுப்பளவு. அதற்கு அங்கிட்டு மண் அள்ளிய குழி, கழிக்குத் தரை எட்டவில்லை. வரிசையாகக் குச்சி நட்டு, இதைத் தாண்டினால் தோலை உரித்துவிடுவேன் என்றார். விசில் அடித்தால் ஒவ்வொரு ஜோடியும் கை கோத்து மேலே தூக்க வேண்டும். சாப் கரையில் நின்று எண்ணுவார். நாலு ஜோடிக் கை தெரிந்தால் எல்லோரும் பத்திரம். கையைத்தான் எண்ணுவார். முகத்தை யார் பார்த்தார்கள்?

போன்களை எல்லாம் ஒரு பைக்குள் போடச் சொல்லியிருந்தார்கள். அருள்பாண்டி போடவில்லை. பெயர்ப்பட்டை தைத்த சட்டையின் பைக்குள்ளேயே வைத்து, மதகுக்குப் பக்கத்து மரத்தில் மாட்டியிருந்தான். தண்ணீருக்குள் இடுப்பளவில் நிற்கிறான், கரையில் சட்டை அதிர்கிற மாதிரி ஒரு நினைப்பு. பொறுக்க முடியவில்லை. இங்ஙனயே நில்லு, ரெண்டே நிமிஷம் என்று ராஜகுருவிடம் சொல்லிவிட்டு, சாப் திரும்பிய நேரம் பார்த்துக் கரையேறிப் போய்விட்டான்.

மதகுப் படிக்கட்டில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வெயிலில் வெடித்து, சேறு காய்ந்து அப்பியிருந்தது. ஒரு வார் அறுந்து அதில் ஊக்குக் குத்தியிருந்தது. தண்ணீரைப் பார்த்து ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது... குளிக்க இறங்கினவன் கழற்றி வைத்த மாதிரி. அருள்பாண்டி அதை ஒதுக்கக்கூட இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து போனை எடுத்தான். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். திரும்பக் கூப்பிட்டான்.

மேளச் சத்தத்துக்கு நடுவில் பாண்டீஸ்வரியின் குரல். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், உச்சிக்குள் குத்தியாக வேண்டும், எங்கே வருகிறாய் என்று கேட்டாள். இவன் விஷயத்தைச் சொன்னான். பங்காளி மகன் எவனையாவது உட்கார வைத்து நடத்திவிடு என்றான். அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறது கேட்டது.

"ஏன், நீ செத்தா போயிட்ட, உனக்குப் பதிலா இன்னொருத்தன் மடியில உக்கார வைக்க?" என்றாள். "சங்கிலி வீட்டாளுக என்னைப் பாத்துச் சிரிக்கிறாக அருளு. இன்னைக்கு நீ வரலைன்டா இனி எனக்குத் தம்பி இல்ல. என் சாவுக்கும் வராத."

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தான், எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை.

அருள்பாண்டி எழுந்து நின்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா, அழுகையா, அவனுக்கே தெரியவில்லை. பேனரைப் பார்த்தான், சாப்பைப் பார்த்தான், அந்தக் காவித் தண்ணீரைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் கத்தினான்.

"அடச்சீ! எனக்குப் பதில் ஒரு ஆளு இல்லையாடா இந்த உலகத்துல? எவனாச்சும் வாங்களேன்டா... வந்து எனக்குப் பதிலா நின்டு தொலைங்களேன்டா."

டப்... டப் என்று மோதிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

அப்புறம் விசில்.

மாட்டினோம் என்று நினைத்தான். ராஜகுரு ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், சாப் எண்ணுவார், நமக்கு இன்றைக்குப் பூஜைதான். குனிந்துகொண்டே எட்டிப் பார்த்தான். தண்ணீருக்கு மேல் ஒரு ஜோடிக் கை, இரண்டாவது ஜோடி, மூன்றாவது... நாலாவது ஜோடி. ராஜகுருவின் கையைப் பிடித்து ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். சாப் தலையாட்டினார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அப்பாடா என்று இருந்தது அருள்பாண்டிக்கு. யாரோ புண்ணியவான் நமக்காக நின்றிருக்கிறான். மறுபடி போனை எடுத்து அக்கா நம்பரைக்கூட அழுத்திவிட்டான். அழுத்தும்போதுதான் உறைத்தது... யார் அது? தண்ணீருக்குள் இறங்கியது தன்னோடு சேர்த்து எட்டுப் பேர். சாப்பும் காசிமாயனும் கரையில். டிரைவர் ரோட்டில். தான் இங்கே நிற்கிறோம். அப்படியென்றால் அங்கே மூன்று ஜோடியும் ஓர் ஒற்றையும்தான் இருக்க வேண்டும்.

மறுபடி பார்த்தான். அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெள்ளை பனியன். ஒட்ட வெட்டின தலை. இடது கையில் கருப்புக் கயிறு. அருள்பாண்டி தன் இடது கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கயிறு இருந்தது.

விசில் முடிந்ததும் மற்ற ஜோடிகள் கையை இறக்கிவிட்டுத் தண்ணீரை வாரி அடித்து விளையாடினார்கள். நாலாவது ஜோடி மட்டும் கையை இறக்கவில்லை. மெல்ல மெல்லக் குழிப் பக்கம் நகர்ந்தது. காசிமாயன் நட்ட குச்சி ஒன்று ராஜகுருவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் அந்த வெள்ளை பனியன் தெரியவில்லை. ராஜகுருவின் தலையும், மேலே தூக்கிய ஒரு கையும்தான் தெரிந்தன.

ஓடினான். கத்திக்கொண்டே ஓடினான். போன் எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. அவனுக்குப் பின்னாலேயே காசிமாயனும் தண்ணீரில் பாய்ந்தார்.

கழிக்குத் தரை எட்டாத குழி அது. நீந்துகிறவனே கை கால் அடித்தால்தான் மிதக்க முடியும். ராஜகுரு அதற்கு நடுவில் அசையாமல் நேராக நின்றான். கழுத்து வரை தண்ணீர். கண் மூடியிருந்தது. தூக்கிய கை கம்பி மாதிரி விறைத்திருந்தது. அருள்பாண்டி அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். "நான் வந்துட்டேன்... விடு" என்று அவன் வாயிலிருந்து தானாக வந்தது. யாரிடம் சொன்னான் என்று கேட்காதீர்கள். அப்போதுதான் விட்டது. பையனின் மொத்தப் பாரமும் ஒரே நேரத்தில் அவன் கையில் வந்து விழுந்தது.

கரையில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண் விழித்தான் ராஜகுரு. உயிருக்குப் பழுதில்லை. விழித்ததும் அருள்பாண்டியைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"கால் நழுவினதும் சரியாப் பிடிச்சீங்கண்ணே... கடைசி வரைக்கும் விடலையே. ஆனா உங்க கை ஏண்ணே அப்படி ஊறிப்போய் இருந்துச்சு?"

ராஜகுருவின் மணிக்கட்டில் நாலு விரல் அச்சு. நீலமாக.

கேப்டன் சாப்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதல்லவா ஒற்றுமை, ஜோடியைக் கடைசி வரைக்கும் விடாமல் தாங்கினான் பாருங்கள் என்று அருள்பாண்டியைக் கட்டிப்பிடித்தார். பேனருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார். தான் கரையில் இருந்தோம் என்று சொல்ல அருள்பாண்டிக்கு வாய் வரவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்... யாரோ செய்ததற்கு இவன் பாராட்டு வாங்கினான்.

காசிமாயன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ கரையிலேருந்து ஓடியாந்ததை நான் பாத்தேன். அதுக்கு முன்னாடி நீ தண்ணிக்குள்ள நின்டதையும் நான் பாத்தேன். இதைப் பத்தி எங்கிட்டகூடப் பேசாதடா."

சட்டையை எடுக்க மதகுப் பக்கம் போனான். போன் புல்லில் கிடந்தது, அணைந்து போய். மரத்தில் சட்டை இல்லை. தேடித் தேடிப் பார்த்தான், காற்றுகூட அடிக்கவில்லை, எங்கே பறந்திருக்கும்? படிக்கட்டில் செருப்பும் இல்லை. அது கிடந்த இடத்தில் மட்டும் தூசி படியாத இரண்டு தடம். சீருடையைத் தொலைத்ததற்கு அன்றைக்கே ஒரு தண்டனை எழுதினார்கள். பாராட்டும் தண்டனையும் ஒரே நாளில். பட்டாளம்!

மெக்கானிக் வந்து, லாரியைக் கட்டி இழுத்து, முகாமுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. போனுக்குச் சார்ஜ் போட்டான். அக்கா என்ன திட்டுத் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், காலில் விழுந்தாவது சரிசெய்ய வேண்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு அடித்தான். ஒரே ரிங்கில் எடுத்தாள்.

"சாப்பிடாமக்கூடப் போயிட்டியேடா" என்றாள். குரலில் அம்புட்டுப் பாசம். "கறிச்சோறு எடுத்து வச்சிருந்தேன்."

இவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளாகவே பேசிக்கொண்டு போனாள். உச்சி தாண்டப் போகிற நேரம், ஆசாரி எழுந்திருக்கப் போனாராம். அப்போது கோயில் வாசலில் வந்து நின்றானாம் இவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. கோயிலுக்கு வருகிறவன் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். யாரோடும் பேசவில்லை. போனில் பேசின பேச்சுக்கு இன்னும் கோபம் போலிருக்கிறது என்று இவளும் விட்டுவிட்டாள். நேராகப் போய் மணையில் உட்கார்ந்து மடியைக் காட்டினானாம். அதுவரை அழுது தீர்த்த பிள்ளை, மடியில் வைத்ததும் கப்பென்று வாயை மூடிவிட்டதாம். ஊசி குத்தும்போதுகூட அழவில்லையாம்.

"பட்டுப்பாவாடை பூரா நனைஞ்சுபோச்சு" என்று சிரித்தாள். "ஒரே கண்மாய் வாடை. எங்கிட்டுடா குளிச்ச? உன் சட்டையக் கழட்டிப் பிள்ளைக்குப் போத்திவிட்டுட்டு வெறும் பனியனோட போயிட்ட. செருப்பையும் கோயில் வாசல்லயே விட்டுட்ட. ஒரு சர்க்கார் உத்தியோகக்காரன், ஊக்குக் குத்தின செருப்பையா போடுவ?"

அருள்பாண்டி மனதுக்குள் தூரத்தைக் கணக்குப் போட்டான். கண்மாய் கிழக்கே எங்கேயோ, கோயில் மேற்கே எங்கேயோ. நடுவில் மதுரை முழுசும் கிடக்கிறது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். நான் போகும்போது ஏதாவது சொன்னேனா, அக்கா?

"பிள்ளை காதுல சொன்னியேடா, எனக்கும் கேட்டுச்சு. அடுத்ததுக்கும் நாந்தேன் வாரேன்னு."

வீடியோ இல்லையா என்று கேட்கிறாயா? பொறு, அதற்குத்தான் வருகிறேன். வீடியோ எடுக்கவில்லை. போட்டோ இருக்கிறது. முத்துக்குமரன் பார்த்திருக்கிறான். மடி தெரிகிறது. முகத்துக்கு நேராகப் பிள்ளையின் சந்தனம் பூசின மொட்டைத் தலை. பிள்ளையைச் சுற்றிப் பிடித்த இரண்டு கை தெரிகிறது. விரல்களில் தோல் வெளுத்து, சுருங்கி, கழன்று தொங்குகிற மாதிரி... பல நாள் தண்ணீரிலேயே கிடந்த விரல்.

அக்காவிடம் உண்மையை எப்படிச் சொல்வான்? அது நான் இல்லை என்றால், பிள்ளை யார் மடியில் உட்கார்ந்தது? அவள் தாங்குவாளா? ஊர் முழுக்க அவனை மெச்சிக்கொண்டிருந்தது. எம்புட்டுக் கஷ்டத்திலும் வந்து நின்றான் பார் தாய்மாமன் என்று. அந்தப் பெருமை ஒவ்வொன்றும் அவனுக்கு முள் குத்துகிற மாதிரி இருந்தது. எரிச்சலை யார் மேல் காட்டுவது? அந்தப் பதில் ஆள் ராஜகுருவையும் கைவிடவில்லை, பிள்ளையையும் அழவிடவில்லை. இவன் செய்திருக்க வேண்டிய இரண்டையும் இவனைவிட ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

மறு வாரம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சட்டையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டான். கனிஷ்கா வந்து அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். மடிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். சட்டையை எரித்தான். செருப்பை வைகையில் வீசினான். இதோ, நம் கோச்சடைக்குப் பின்னால்தான். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் போனது.

அதோடு பட்டாளத்து வேலை வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டான். இனி எந்த விசேஷத்துக்கும் தன் இடத்தில் இன்னொருவன் நிற்கக் கூடாது. பிள்ளைக்கு அடுத்தது என்ன? பெரிய மனுஷி ஆனால் தாய்மாமன்தான் முதல் ஆளாய்ப் போய், பிள்ளை தனியாக இருக்க ஓலைக் குச்சு கட்ட வேண்டும், சீர் செய்ய வேண்டும். அந்தச் சேதி காதில் விழுந்த நிமிஷம் ஓடிப்போய் நிற்க வேண்டும் என்றுதான் உள்ளூரிலேயே வேலை தேடிக்கொண்டான். ஒத்தக்கடையில் ஒரு குடியிருப்பில் காவல் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு காலம் ஓட்டினான். வாய் தவறியும் பதில் ஆள் என்று சொல்வதில்லை.

கனிஷ்காவுக்கு இப்போது பதினொரு வயது.

போன வியாழக்கிழமை. காவல் மாற வேண்டிய மற்றவன் வரவில்லை. போன் போட்டால் இந்தா வாரேன், அந்தா வாரேன் என்கிறான். கேட்டை விட்டு நகர முடியாது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அருள்பாண்டிக்குப் பசி, எரிச்சல். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்... என்ன சொன்னான் என்று அவனுக்கே ஞாபகமில்லையாம். சத்தியம் பண்ணுகிறான்.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"அருளு, மொதல்ல உனக்குத்தேன் சொல்லணும்னு இருந்தேன். கனி பெரிய மனுஷி ஆயிட்டா. சொல்லலாம்னு போனைக் கையில எடுக்குறேன், அதுக்குள்ள நீயே வந்துட்டியே... யாருடா உனக்குச் சொன்னா? செருப்பை ஈரத்தோட வாசல்ல விட்டுட்டு, பேசாமக் கொள்ளாம எங்கிட்டுப் போன? பிள்ளை இருக்கிற ரூம்புக்கா?"